கல்லட்டி ஏறும் கால்களுக்கு மறுநாளும் வேலை இருக்கிறது

டிசம்பரில் மைசூருக்கும் ஊட்டிக்கும் இடையே பயணம் செய்தவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கலாம். தலைக்கவசமும் இறுக்கமான சட்டையுமாகச் சைக்கிள்காரர்கள் வரிசையாகப் போவார்கள். அவர்களோடு பெட்டிகளை ஏற்றிய வண்டியும், பழுது பார்க்கும் மெக்கானிக்குகளும், மருத்துவ உதவியும் வரும். கடைசியில், முடியாமல் போனவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன். 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணம் அது. ஆண்டுக்கு ஆண்டு வழியும் தூரமும் மாறினாலும், ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு நாள்தோறும் நூறு கிலோமீட்டர் வாக்கில் மிதிப்பது என்பதுதான் கணக்கு.

சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் தயாராக இருக்கும்போது மிதிப்பது மட்டும்தானே பாக்கி என்று தோன்றும். ஒரு நாள் நூறு கிலோமீட்டர் மிதிப்பது பெரிய வித்தையும் இல்லை. சில மாதம் பழகிய எவரும் செய்துவிடலாம். மறுநாள் விடியலில் அதே கால்களோடு மறுபடி ஏறி உட்கார வேண்டும், அதற்கு மறுநாளும் உட்கார வேண்டும் என்பதுதான் சிக்கல். ஆகவே இந்தப் பயணத்துக்கான தயாரிப்பில் பாதி, சாலையில் செலவழித்ததை உடல் ஓர் இரவுக்குள் மீட்டுக்கொள்ளப் பழகுவதுதான்.

அது எப்படி முடிகிறது என்பதே முதல் அதிசயம். அடுத்தடுத்த ஏழு நாள் மாரத்தான் ஓடச் சொன்னால் பெரும்பாலோர் மூன்றாம் நாள் நொண்டுவார்கள். சைக்கிளில் அதே அளவு சக்தியைச் செலவழித்தவர் மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார். காரணம் தசை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. தசை சுருங்கிக்கொண்டே விசை தரலாம். இழுபட்டு நீண்டுகொண்டே விசையைத் தாங்கவும் செய்யலாம். படி ஏறும்போது தொடையின் முன்தசை முதல் விதமாகவும், இறங்கும்போது இரண்டாம் விதமாகவும் உழைக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்குவது அந்த இரண்டாம் விதம்தான். வெள்ளியங்கிரி மலை ஏறி வந்தவர்கள் இரண்டு நாள் கழித்துப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தவிப்பது, ஏறியதால் வந்த வலியைவிட இறங்கியதால் வந்த வலியாகவே இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் தரையில் மோதும்போது அந்த இழுபாடு நேர்கிறது. மிதிவண்டியில் தசைக்குச் சுருங்கும் வேலை மட்டும்தான், மோதலே கிடையாது. இறக்கத்தில் காலுக்கு முழு விடுமுறை. ஆகவே மாலையில் மிஞ்சுவது பெரும்பாலும் தீர்ந்துபோன எரிபொருள், இழந்த நீர், உரசிய தோல். மூன்றையும் காலைக்குள் பெருமளவு சரிசெய்துவிடலாம்.

எவ்வளவு தீர்ந்துபோகும் என்பதற்குக் கல்லட்டி நல்ல அளவுகோல். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை ஆயிரம் மீட்டர் தூக்க ஏறத்தாழ 780 கிலோஜூல் வேண்டும். சுமாரான பயிற்சி உள்ளவர் 150 வாட் வீதம் விடாமல் தர முடிந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் முழுசாகப் போய்விடும்.

உடல் ஒரு சிக்கனமில்லாத எஞ்சின். உணவிலிருந்து வரும் ஆற்றலில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 150 வாட் சக்கரத்துக்குப் போகும்போது 450 வாட்டுக்கு மேல் உடம்புக்குள் சூடாகத் தங்குகிறது. பழைய 100 வாட் குண்டு பல்புகள் ஐந்தைச் சட்டைக்குள் எரியவிட்ட மாதிரி. வியர்வை ஒரு லிட்டர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும்; சொட்டிக் கீழே விழும் வியர்வையோ எதையும் எடுத்துச் செல்வதில்லை. சமவெளியில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே விசிறி. கல்லட்டியில் வேகம் எட்டு கிலோமீட்டர்தான், விசிறி நின்றுவிடுகிறது. மலையில் காற்று குளிர்ந்திருந்தும் ஏறுகிறவர் நனைந்து தொப்பலாவது இதனால்தான்.

கியர் பற்றிய பேச்சுக்கும் இதே எட்டு கிலோமீட்டர் வேகம்தான் ஆதாரம். முன்பல்சக்கரத்தில் பற்கள் 34, பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 என்றால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுச் சொச்சம்தான் மிதிக்க முடியும். பின்னாலும் 34 பல் போட்டால் சுற்று அறுபதுக்கு மேல் போகும். வேகம் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் தேவையான விசை குறைகிறது. கனமான மிதிக்கு, சீக்கிரம் களைக்கும் வேகத் தசை இழைகள் வேலைக்கு அழைக்கப்படுகின்றன; அவை சேமித்த சர்க்கரையை வேகமாகக் காலி செய்கின்றன. சின்ன கியரை அவமானமாக நினைப்பவர்கள் அதற்கு மறுநாள் விலை கொடுப்பார்கள். கிளம்பும் முன் செய்யக்கூடிய மிக மலிவான முன்னேற்பாடு பெரிய பின்பல்சக்கரம்தான் என்பது என் கட்சி.

அந்தச் சேமித்த சர்க்கரையின் பெயர் கிளைகோஜன். தசைகளில் நானூறு, ஐந்நூறு கிராம், கல்லீரலில் நூறு கிராம் அளவு. மொத்தம் ஏறத்தாழ 2,000 கலோரி. ஒல்லியான ஆளிடமும் கொழுப்பாக இதைப்போல் பல பத்து மடங்கு இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். ஏற்றத்துக்குச் சர்க்கரை வேண்டும். கல்லட்டி மட்டுமே 800 கலோரிக்கு மேல் கேட்கிறது. அன்று முழுவதும் மிதிக்கும் கணக்கைப் போட்டால் கஜானா காலி.

அது எப்படி மறுபடி நிரம்புகிறது என்பதைக் கண்டறிந்த சோதனை, உடலியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் ஒன்று. ஸ்வீடனைச் சேர்ந்த யோனஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே சோதனைச் சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த கால் களைத்துச் சர்க்கரை தீரும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தடித்த ஊசியைத் தொடையில் செலுத்தித் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு ஒன்று, ரத்தம் ஒன்று, சாப்பாடும் ஒன்றுதான். ஆனால் உழைத்த காலில் கிளைகோஜன், ஓய்வெடுத்த காலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. 1966இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த முடிவின் சாரம், தீர்ந்துபோன தசைதான் வாய் திறந்து வாங்குகிறது என்பது. பயிற்சியில் மிதித்துக் காலியாக்கிய கால்தான் அடுத்த முறை அதிகம் சேமிக்கும்.

ஆனால் நிரப்ப ஏதாவது வந்தாக வேண்டுமே. பல நாள் பயணத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு எட்டு முதல் பத்து கிராம் மாவுச்சத்து ஒரு நாளைக்கு வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் பரவலான கணக்கு. எழுபது கிலோ ஆளுக்கு இது, சமைக்காத அரிசியாகச் சொன்னால், முக்கால் கிலோ. ‘சோற்றைக் குறை’ என்று ஊரெல்லாம் அறிவுரை சொல்லும் காலத்தில், தட்டுத் தட்டாகத் தயிர்சாதம் சாப்பிட மருத்துவ நியாயம் கிடைக்கும் ஒரே வாரம் இதுதான். வண்டியை நிறுத்திய முதல் இரண்டு மணி நேரத்தில் தசை மிக வேகமாக வாங்குகிறது. குளித்து, தூங்கி, ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடலாம் என்று இருப்பவர் அந்த நேரத்தை வீணாக்குகிறார்.

சாலையிலும் சாப்பிட வேண்டும். அங்கே குடலின் வாசல்தான் எல்லை வகுக்கிறது. குளுக்கோஸைக் குடல் சுவருக்குள் இழுக்கும் புரதம், அதனோடு உப்பின் சோடியத்தையும் சேர்த்தே இழுக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. இந்த இரட்டை வாசலை 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவில் வாடியவர்களுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது இதே வாசல் வழியாகத்தான். சைக்கிள்காரரின் குப்பியில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இருப்பதும் அதற்காகவே. வாசலுக்கும் வரம்பு உண்டு: குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு அறுபது கிராம் வாக்கில்தான் உள்ளே போகும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டும் கலந்தால் தொண்ணூறு கிராம் வரை எட்டலாம். வெல்லத்திலும் வாழைப்பழத்திலும் இரண்டுமே இருக்கின்றன. கூடவே, தாகத்தை மீறி வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது ரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மிதித்துக்கொண்டே சாப்பிடும் பழக்கம் வீட்டருகே வரட்டும். வயிறு முதல்முறையாகக் கல்லட்டியில் கற்றுக்கொள்ளக் கூடாது.

மாதக்கணக்கான பயிற்சி உள்ளே என்ன செய்கிறது? 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி எலிகளை மூன்று மாதம் ஓடவைத்துப் பார்த்தபோது, தசை உயிரணுக்களின் ஆற்றல் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதிகளின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அடுப்பு கூடினால் கொழுப்பு அதிகம் எரியும், சர்க்கரை மிஞ்சும். இதற்கு மூச்சு முட்ட மிதிக்கவே வேண்டாம். பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் நீண்ட நேரம் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை மிதித்துவிட்டு ஞாயிறும் மிதிப்பதுதான் இந்தப் பயணத்துக்கான உண்மையான ஒத்திகை. இரண்டாம் நாள் வேகம் குறைவாக இருந்தாலும் அதன் பலன் அதிகம். சென்னையில் மலை இல்லை என்பவர்களுக்கு ஏலகிரியின் 14 வளைவுகள் இருக்கின்றன; சேலம், நாமக்கல்காரர்களுக்கு 70 வளைவுகளோடு கொல்லிமலை. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர்; அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ கால்வாசி குறைவு, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. இதைச் சென்னையில் பழக வழியில்லை. அங்கே போய் மெதுவாக மிதிப்பதுதான் வழி.

சமவெளியில் கூட்டமாகப் போவது மட்டும் கிட்டத்தட்ட மாயம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது; முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்தால் அதில் கணிசமான பங்கு மிச்சம். 2018இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு, 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவில் பாதுகாப்பாகப் போகிறவருக்கு, தனியாகப் போகும்போது வரும் தடையில் 5 முதல் 10 சதவீதமே வருகிறது என்று கண்டது. அது பந்தயக் கூட்டம். நம் சாலையில் நாலைந்து பேர் சீராக வரிசை கட்டுவதே பெரிய விஷயம். முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் விட்டு, பள்ளம் வந்தால் கையால் காட்டி, சட்டென்று பிரேக் போடாமல் மிதிக்கப் பழகுவது, தனியாகப் பயிற்சி எடுப்பவர்கள் தவறவிடும் பாடம். கல்லட்டியில் இந்த மாயம் செல்லாது. எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை, அவரவர் எடை அவரவருக்கு.

தோல் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெத்தென்ற அகல இருக்கை ஒரு மணி நேரத்துக்குச் சுகம். ஆறு மணி நேரத்தில் அமரும் எலும்புகள் அதில் புதைந்து, சுற்றியுள்ள தசை நசுங்கும். எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தும் உறுதியான இருக்கை நல்லது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம். நாள்தோறும் துவைத்துக் காய்ந்ததைத்தான் போட வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கைப்பிடியில் கையை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

ஊட்டியிலிருந்து இறங்கும் நாளில், ஏறும்போது சேர்த்த அதே 780 கிலோஜூல் திரும்பி வருகிறது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் பிரேக் வழியாக வெப்பமாகும். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் ரிம் ஆறும். டிசம்பர் காலைக் குளிரில் விரல் விறைத்துப்போனால் இந்த அழுத்தும் அளவே கைக்குத் தெரியாது. ஆகவே சமவெளியில் கேலிக்குரியதாகத் தோன்றும் முழுவிரல் கையுறையை, புறப்படும்போதே சட்டையின் முதுகுப் பையில் செருகிக்கொள்ளுங்கள்.