மார்கரிட்டா கோப்பைக்குள் மாங்காய் போன கதை தெரியுமா?

பழுத்த மாம்பழம், பிழிந்த எலுமிச்சை, கோப்பையின் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும். படிக்கும்போதே மெரினா மணலில் வாங்கித் தின்ற மாங்காய்க் கீற்று நினைவுக்கு வந்து நாக்கில் நீர் ஊறுகிறதா? இதே சேர்க்கையைத்தான் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் மெக்சிகோக்காரர்களும் கொண்டாடுகிறார்கள்! அவர்கள் அதைக் கோப்பையில் ஊற்றிப் பழ மார்கரிட்டா என்கிறார்கள்.

டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் தோலின் மணம் ஏற்றிய இனிப்பு மதுவான ஆரஞ்சு லிக்யூர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மார்கரிட்டா. கூடவே கனிந்த பழம் ஒன்று சேர்ந்தால் பழ மார்கரிட்டா. வீட்டு மிக்ஸியில் ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்துக்குள் வௌவாலும் கப்பலும் ஐஸ்கிரீம் இயந்திரமும் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பெயருக்குள் ஒரு பூவும் ஒரு முத்தும் இருக்கின்றன, தெரியுமா?

ஸ்பானிய மொழியில் ‘மார்கரிட்டா’ என்றால் டெய்சிப் பூ. அந்தச் சொல்லின் வேரைத் தேடிக் கிரேக்கம் வரை போனால் ‘முத்து’ என்று பொருள்! மது, எலுமிச்சை, இனிப்பு மூன்றும் சேர்த்த பானங்களுக்கு அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ‘டெய்சி’ என்று பெயர் இருந்தது. அதை டெக்கீலாவில் செய்தபோது ஸ்பானியப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பட்டியலே நீளும். டிகுவானா அருகே விடுதி நடத்திய கார்லோஸ் ஹெர்ரேரா, 1942இல் ஹுவாரெஸ் நகரில் மதுக்கலைஞராக இருந்த பாஞ்சோ மொராலெஸ், 1948இல் அகபுல்கோவில் விருந்து வைத்த மார்கரிட்டா சேம்ஸ் என்று ஆளுக்கொரு கதை. ஆனால் 1937இல் லண்டனில் வெளியான கஃபே ராயல் காக்டெயில் புத்தகத்தில் இதே மூன்று பொருளும் ‘பிக்கடோர்’ என்ற பெயரில் ஏற்கெனவே அச்சேறியிருந்தன! மார்கரிட்டா என்ற பெயரோடு செய்முறை 1953 டிசம்பர் எஸ்க்வயர் இதழில் வந்தது.

டெக்கீலாவும் சம்பங்கியும் ஒரே குடும்பம், தெரியுமா?

டெக்கீலா தரும் நீல அகேவ் செடியைக் கள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. அது கள்ளியும் இல்லை, சோற்றுக் கற்றாழையும் இல்லை. நம் ஊர் வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் உடன்பிறப்பு. நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே தாவரக் குடும்பம். இன்னும் ஒரு வியப்பு: பூக்கடையில் முழம் போட்டு விற்கும் மாலைச் சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. தாவரவியலார் இப்போது அதை அகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்!

அகேவ் முற்றுவதற்கு 6, 7 ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். ‘ஹிமதோர்’ எனப்படும் அறுவடைத் தொழிலாளி, நீண்ட கழியின் நுனியில் வட்டத் தகடு பொருத்திய கருவியால் முள் மடல்களைச் சீவித் தள்ளுவார். உள்ளே அன்னாசிப்பழம் போன்ற தோற்றத்தில் 40 கிலோ எடையைச் சாதாரணமாகத் தாண்டும் ஒரு தண்டு கிடைக்கும். அதன் பெயரும் ‘பீன்யா’, அதாவது அன்னாசி! அதை அடுப்பில் வேகவைத்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து போன்ற பொருள் உடைந்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றைப் புளிக்கவிட்டு வடித்தால் டெக்கீலா. ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு 4 மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இந்த உரிமை 1974இலிருந்து சட்டம். டெக்கீலா ஊரைச் சுற்றியுள்ள நீல வயல்களை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். புட்டியில் ‘100% அகேவ்’ என்று இருக்க வேண்டும். அப்படி இல்லாத டெக்கீலாவில் 49% வரை வேறு சர்க்கரை கலந்திருக்கலாம்.

இந்தச் செடிக்குக் காவல் வௌவால், தெரியுமா?

அகேவ் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும், பிறகு பட்டுப்போகும். அந்தப் பூவுக்கு இரவில் வரும் விருந்தாளி நீள்மூக்கு வௌவால். தேனைக் குடித்து மகரந்தத்தை ஊரெல்லாம் பரப்பும். விவசாயிக்கோ பூ வந்தால் நட்டம்! சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் பூத்தண்டுக்குப் போய்விடும். அதனால் தண்டு எழும்பும்போதே வெட்டிவிடுவார்கள். வாழைபோலப் பக்கக்கன்றைப் பிரித்து நட்டு அடுத்த பயிர் வைப்பார்கள். எல்லாச் செடியும் ஒரே அச்சு என்பதால் ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் தாக்கும்.

மெக்சிகோவின் சூழலியலாளர் ரொட்ரீகோ மெதெயின் இதற்கு ஒரு வழி சொன்னார்: நூற்றுக்கு 5 செடியையாவது பூக்க விடுங்கள். வௌவாலும் பிழைக்கும், செடியின் பல்வகைமையும் பிழைக்கும். சில தயாரிப்பாளர்கள் அதைக் கேட்டு நடக்கிறார்கள். ஒருகாலத்தில் அழிவின் விளிம்பில் இருந்த அந்த வௌவாலின் ஓர் இனத்தை அமெரிக்கா 2018இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது!

மாங்காய் எப்படி அங்கே போனது, தெரியுமா?

1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தக் கடல்வழியில் ஆசியாவின் மாம்பழம் மெக்சிகோ போய் இறங்கியது. இன்று அங்கே பழ மார்கரிட்டாவுக்குப் பெயர்பெற்ற அதாவுல்ஃபோ மாம்பழம் அந்தப் பிலிப்பைன்ஸ் வழி வந்த பரம்பரைதான்.

பெயரும் கூடவே போனது. ‘மேங்கோ’ என்ற சொல்லுக்கு மூலம் தேடும் அகராதிகள் போர்த்துகீசிய ‘மாங்கா’ வழியாகப் போய் மலையாளத்திலும், தமிழின் ‘மாங்காய்’ என்ற சொல்லிலும் வந்து நிற்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் மதுக்கடையில் ஒருவர் மேங்கோ மார்கரிட்டா கேட்டால் பாதித் தமிழ் பேசுகிறார்!

பதிலுக்கு என்ன வந்தது? மிளகாய்! அது பயிராகப் பழகியது மெக்சிகோ மண்ணில். போர்த்துகீசியர் கப்பலில் நம் கடற்கரைக்கு வந்தது. மாங்காய் இங்கிருந்து போனது, மிளகாய் அங்கிருந்து வந்தது. இரு கரையிலும் மக்கள் தாமாகவே மாங்காய்மேல் மிளகாய்த்தூளையும் உப்பையும் தூவினார்கள்!

ஒரு சின்ன மாநிலம் எலுமிச்சையும் உப்பும் கள்ளும் தருகிறது, தெரியுமா?

மெக்சிகோவின் பசிபிக் கரையில் கொலிமா. அங்கே விளையும் சின்ன உருண்டை எலுமிச்சை, நம் வீட்டு ரசத்தில் பிழியும் அதே இனம். தாயகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியா. ஸ்பானியர் கொண்டுபோய் நட்டது. அதே மாநிலத்தில் குயுத்லான் உப்பளங்கள். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் அங்கே தென்னையில் கள் இறக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் கொலிமா தெருக்களில் ‘தூபா’ என்ற பெயரில் தென்னங்கள்ளைச் சுரைக்குடுக்கையில் சுமந்து விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை தூவி!

பிழிந்த சாற்றுக்கு ஆயுள் குறைவு, தெரியுமா?

மார்கரிட்டாவின் உயிர் எலுமிச்சை. பிழிந்த சில மணி நேரத்தில் அதன் துள்ளும் மணம் மங்கிவிடும். புட்டியில் அடைத்த சாறு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த மணத்தைத் தராது. பிழியுமுன் உள்ளங்கையால் மேசைமேல் அழுத்தி உருட்டுங்கள், சாறு தாராளமாக இறங்கும். கடைசிச் சொட்டுவரை நசுக்கவேண்டாம், தோலின் கசப்பு இறங்கிவிடும்.

அளவு எளிது: 60 மி.லி. டெக்கீலா, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 30 மி.லி. ஆரஞ்சு லிக்யூர். 2:1:1 என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

உப்பு கசப்பின் வாயை அடைக்கும், தெரியுமா?

விளிம்பில் உப்பு அழகுக்காக என்று நினைத்தீர்களா? உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பை அமுக்குகிறது. கசப்பு அடங்கியதும் பழத்தின் இனிப்பு முன்னால் வந்து நிற்கிறது. கொய்யாவில் உப்பு தொட்டுத் தின்னும் நம் பள்ளிக்கூட வாசல் பழக்கத்துக்குப் பின்னால் இத்தனை விஞ்ஞானம்!

தூள் உப்பு சட்டெனக் கரைந்து உவர்க்கும். கல் உப்பை உரலில் இரண்டு தட்டு தட்டுங்கள். குருணையாக இருக்கும்போதே நிறுத்தி, மிளகாய்த்தூளும் துருவிய எலுமிச்சைத் தோலும் கலந்து தட்டில் பரப்புங்கள். எலுமிச்சைத் துண்டால் கோப்பையின் வெளிவிளிம்பைப் பாதி வட்டம் மட்டும் ஈரமாக்கி, பக்கவாட்டில் சாய்த்து உருட்டுங்கள். உள்ளே ஒரு குருணைகூட விழக்கூடாது. பாதி விளிம்பு சும்மா இருப்பதால், அடுத்த மடக்கு உப்போடா உப்பில்லாமலா என்பது குடிப்பவர் கையில்.

பழமே ஐஸ் ஆகலாம், தெரியுமா?

குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் நிறமும் முதலில் வாய்க்கு வந்து, கையில் வெள்ளைப் பனிக்கட்டி மிஞ்சுமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் தனியாக உறையும், சர்க்கரைப்பாகு இடையில் திரவமாக ஒளிந்திருக்கும். உறைந்த மார்கரிட்டாவின் ரகசியமும் அதுதான். சர்க்கரையும் மதுவும் சேர்ந்து முழுதாக உறையவிடாமல் தடுப்பதால், கல்லாகாமல் பஞ்சுபோல நிற்கிறது.

ஆகவே ஐஸைக் குறையுங்கள், பழத்தை உறையவையுங்கள்! மாம்பழத் துண்டுகளை இரவே ஃப்ரீஸரில் வைத்தால் உறையும்போது திசுக்கள் உடைந்து, அரைக்கையில் சாறும் மணமும் முழுதாக வெளிவரும், தண்ணீரும் கலக்காது. 2 கோப்பைக்கு 2 கப் உறைந்த துண்டு, மேலே சொன்ன அளவில் மற்ற மூன்றும் இரட்டிப்பு. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜாடியின் பக்கம் வெண்பனி பூத்து, கரண்டியால் எடுத்தால் மெதுவாக மடிந்து விழும் பதத்தில் நிறுத்துங்கள்.

ருசி பார்க்கும்போது கவனம்: குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அதனால் அரைக்குமுன் சற்றுத் தூக்கலாக இனித்தால்தான் கோப்பையில் சரியாக இருக்கும்.

ஐஸ்கிரீம் இயந்திரம் அருங்காட்சியகம் போனது, தெரியுமா?

1971, டல்லஸ் நகரம். மரியானோ மார்டினெஸ் என்ற இளைஞரின் புதிய உணவகத்தில் உறைந்த மார்கரிட்டாவுக்கு ஒரே கூட்டம். எலுமிச்சை பிழிந்து கை ஓய்ந்த ஊழியர் வேலையை விடப் பார்க்கிறார், ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு ருசி. கவலையோடு கடைக்குப் போன மார்டினெஸின் கண்ணில் குழந்தைகளுக்குச் சர்பத் ஐஸ் ஊற்றும் இயந்திரம் பட்டது. பழைய ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சர்க்கரை அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார், வெற்றி! அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குணம், தெரியுமா?

ஸ்ட்ராபெரியின் மேலே விதை என்று நாம் நினைப்பதுதான் உண்மையான கனி, சிவந்த சதை வெறும் மெத்தை! மெக்சிகோவில் அதற்குப் பேர்போன ஊர் இராபுவாத்தோ. தர்பூசணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர், அதனால் அதற்கு ஐஸே வேண்டாம். அன்னாசி நாக்கை அரிப்பது அதிலுள்ள புரோமலைன் என்ற நொதியால், உப்பு சேர்த்தால் இதமாகும். புளியும் அங்கே மார்கரிட்டாவாகிறது! அரபியர் அதற்கு வைத்த பெயர் ‘இந்தியப் பேரீச்சை’. கெட்டிப் புளிக்கரைசலும் வெல்லமும் சேர்ந்தால் நம் பானகத்தின் தூரத்துச் சொந்தம்.

எலுமிச்சைக் கையோடு வெயிலில் நிற்கக்கூடாது, தெரியுமா?

மருத்துவர்கள் இதற்கு ‘மார்கரிட்டா தோல் அழற்சி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் மேலே பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் எழும், கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு கோப்பை என்பது இரண்டு, தெரியுமா?

60 மி.லி. டெக்கீலாவும் 30 மி.லி. ஆரஞ்சு லிக்யூரும் 40% வலிமை என்றால், கோப்பையில் சுமார் 28 கிராம் சுத்த ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் அது இரண்டு பானங்களுக்கான அளவு! பழமும் குளிரும் அதை மறைத்துவிடும். ஆகவே ஒன்றோடு நிறுத்துவதே அழகு. குடிக்காதவருக்கும் குழந்தைகளுக்கும் இதே மாம்பழம், எலுமிச்சை, மிளகாய் உப்போடு ஆரஞ்சுச் சாறும் சோடாவும் ஊற்றிக் கொடுங்கள், ருசியில் பெருங்குறை இராது. ஏனென்றால் இந்தக் கோப்பையின் பெருமையெல்லாம் புதிதாய்ப் பறித்த பழத்திலும் அப்போது பிழிந்த எலுமிச்சையிலும் இருக்கிறது. மாம்பழக் காலத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். குடித்தவர்கள் மட்டும் வண்டிச் சாவியைத் தொடவேண்டாம்!