ஒரு பாய்க்கு இடம் கிடைக்குமா, அண்ணாச்சி?

கந்த சஷ்டி என்றதும் எல்லோருக்கும் ஆறாம் நாள் சூரசம்ஹாரம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கோ சஷ்டி தொடங்குவதற்கு முந்தைய நாட்கள் மேல்தான் பைத்தியம்! திருச்செந்தூர்க் கோயில் வளாகத்துக்குள் அப்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். லாரி லாரியாகத் தகரம் வந்து இறங்கும். சவுக்குக் கம்பும் இரும்புக் குழாயும் குவிந்து கிடக்கும். ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். இன்னொருவர் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போடுவார். மூன்றாமவர் அந்தக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, “இங்கன வேண்டாம்ணே, மழ பெஞ்சா தண்ணி இந்தப் பக்கந்தான் வரும்” என்பார். டேப்புக்காரர் முறைப்பார். கோடு ரெண்டடி தள்ளிப் போகும். சூரனின் தலை உருளுவதை லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். இந்தக் கூத்தைப் பார்க்க நானும் நாலு தெருநாய்களும்தான்.

அங்கே எழும்பிக்கொண்டிருப்பது ஒரு வாரம் மட்டுமே இருக்கப்போகிற ஊர். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் விரதம் தொடங்குகிறது. ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போகிற மிளகு விரதக்காரர்களைக் கண்டால் எனக்கு நடுக்கமே வந்துவிடும். ஆனால் சாப்பாடு குறைந்தாலும் சாமான் குறையாது. பாய், போர்வை, வாளி, கப்பு, துணி காயப்போடக் கயிறு, தைலக் குப்பி, கந்த சஷ்டிக் கவசப் புத்தகம். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: மூன்று பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. கொட்டகை போடுபவர்கள் மின்விசிறிக்கு ஒயர் இழுக்கும்போதே போன் சார்ஜுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. விரதத்துக்கு வந்தவர்கள் பசியைப் பொறுப்பார்கள், சார்ஜ் இல்லாத போனைப் பொறுக்க மாட்டார்கள்!

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இப்படி வெளியே போய்த் தங்குவது ரத்தத்தில் ஊறியது. பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் போடுபவர்கள் ஊர் ஊராகக் குடில் கட்டித் தங்கி விரதம் இருப்பார்கள். தாமிரபரணியின் மேல் முனைக்குப் போனால், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலைச் சுற்றிக் காட்டுக்குள்ளேயே குடில்கள் முளைக்கும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆகவே எத்தனை நாள் தங்கலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று வனத்துறை ஆண்டுதோறும் உட்கார்ந்து திட்டம் போடும். அங்கே கவலை ஆற்றையும் காட்டையும் பற்றியது. குடில் பிரித்த பிறகு ஆள் வந்து போன தடமே தெரியக் கூடாது. ஆற்றின் கீழ்முனைப் பக்கம், திருச்செந்தூரில், கவலை வேறு: இத்தனை பேரையும் எங்கே படுக்க வைப்பது?

முன்னெல்லாம் யாரும் திட்டம் போடவில்லை. பிராகாரத்தில் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே பாயை விரித்தார்கள். கோயிலைச் சுற்றிய கிரிப்பிராகார மண்டபம்தான் பலருக்குப் படுக்கையறை. 2017 டிசம்பர் 14 அன்று அந்த மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். பிறகு எஞ்சிய மண்டபத்தையும் இடித்தார்கள். ஆயிரக்கணக்கான பாய்களுக்குக் கூரை இல்லாமல் போயிற்று. இன்றைக்கு வரிசை வரிசையாகக் கொட்டகை எழும்புவதற்குப் பின்னால் இந்தச் சோகமும் இருக்கிறது.

அடுத்து வந்தது கோயில் வளாகத்துக்கான பெருந்திட்டம். உள்ளூர் டீக்கடைகளில் “மாஸ்டர் பிளான்” என்றால் இதுதான், வேறெதுவும் இல்லை. 2022 செப்டம்பர் 28 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மதிப்பு 300 கோடி ரூபாய்! அதில் 200 கோடி எச்.சி.எல். தரப்பின் பங்களிப்பு, 100 கோடி கோயில் நிதி. எச்.சி.எல். நிறுவனர் சிவ் நாடார் பிறந்த மூலைப்பொழி இந்தப் பக்கத்து ஊர்தான். ஆகவே டீக்கடையில் அந்த 200 கோடியைப் பற்றிப் பேசும்போது, ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளை பட்டணத்திலிருந்து பணம் அனுப்பியதுபோல ஒரு பெருமிதம் குரலில் ஏறும். காத்திருப்போர் வரிசை வளாகம், அன்னதானக் கூடம், முடிகாணிக்கை மண்டபம், மருத்துவ மையம், குளியலறைகள், கழிப்பறைகள் என்று ஒவ்வொன்றாக எழும்பின. 2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு. அன்றைக்கு டிரோன்கள் புனித நீரைத் தெளித்தன. அண்ணாந்து பார்த்தவர்கள் முகத்தில் விழுந்த துளிகளுக்காகத் தள்ளுமுள்ளே நடந்தது!

இனி என் குறையைச் சொல்கிறேன். பொறியாளருக்குச் சதுர அடிதான் கணக்கு. இங்கே வந்து தங்குகிறவருக்குப் பாய்தான் கணக்கு. ஆறடி நீளம், மூன்றடி அகலம், பெருக்கினால் 18 சதுர அடி என்று காகிதம் சொல்லும். ஒரு ஆச்சி வந்து பாயை விரித்துக் காட்டட்டும்! தலைமாட்டில் பை, கால்மாட்டில் வாளி, இடது பக்கம் பேத்தி, வலது பக்கம் “இப்ப வந்துருவா” என்று சொல்லிப் பிடித்துவைத்த மகளுக்கான இடம். 18 சதுர அடி எங்கே போயிற்று என்றே தெரியாது. ஒரு கொட்டகையில் எத்தனை பேர் தங்கலாம் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த பந்தல்காரர் சதுர அடியைக் கேட்பதில்லை. “எத்தன குடும்பம்ணே?” என்றுதான் கேட்கிறார். அவர் கணக்கு தப்புவதில்லை. (பாய் என்றதும் பத்தமடைக் கோரைப்பாய் என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் பின்னிய பட்டுப்பாய் எல்லாம் கல்யாணச் சீருக்கு. கொட்டகையில் ஆட்சி நடத்துவது மடித்தால் கைப்பையாகிற பிளாஸ்டிக் பாய்தான்.)

கொட்டகையின் வாசல் எந்தப் பக்கம் என்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. சஷ்டி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் இருப்பது கிழக்கே. வாடைக்காற்று அடித்தால் மழை நேராக வராது, படுக்கைவசமாக வரும்! ஆகவே அனுபவப்பட்ட பந்தல்காரர் வடகிழக்கு ஓரத்தைத் தகரத்தால் முழுசாக அடைத்துவிட்டு, திறப்பை மறுபக்கம் வைப்பார். வரைபடத்தில் கடலைப் பார்த்து வாசல் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். முதல் மழையில் அத்தனை பாயும் மிதக்கும்.

மழை என்றால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரிகிற தென்கால் வாய்க்கால், குளம் குளமாக நிரப்பிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் ஆவுடையார்குளம் வரை வருகிறது. அது எந்த அளவுக்கு வரமோ அந்த அளவுக்கு அன்றைக்குப் பயமாகவும் இருந்தது. கடலோரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கடலை மட்டும் பார்த்தால் போதாது. முதுகுப் பக்கம் நிற்கிற குளங்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணலுக்கு இந்த விஷயத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. எவ்வளவு கொட்டினாலும் குடித்துவிடும். குடித்த தண்ணீரைச் சும்மாவும் வைத்திருக்காது. கோயில் பக்கத்து நாழிக்கிணற்றைப் பாருங்கள்! கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, உப்பு பிசுபிசுக்கும் உடம்போடு படி இறங்கினால், கூப்பிடு தூரத்துக் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணீர். இதில் முருகன் அருளை நான் எடுத்துக்கொள்கிறேன், விஞ்ஞானத்தையும் விடுவதாக இல்லை. மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட எடை குறைவு. ஆகவே அடியில் உப்புத் தண்ணீர் நிற்க, அதன் மேல் நல்ல தண்ணீர் தனி அடுக்காக மிதக்கிறது. அளவாக எடுத்தால் இனிக்கும், மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். மழை இறங்க வழியில்லாமல் தரையெல்லாம் கல்லும் சிமெண்டும் பாவினாலும் அடுக்கு மெலியும். கால் சுடாமல் நடக்கத் தளம் வேண்டும்தான், நானும் கேட்கிறேன். ஆனால் ஒவ்வொரு கல்லைப் பதிக்கும்போதும் அங்கே இறங்கியிருக்க வேண்டிய மழை எங்கே போகும் என்று கேட்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த மணலே இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. கோயிலுக்கு முன்னால் கடற்கரைப் படிகளை அலை அரித்ததும், 2025 தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து பார்த்ததும் ஊருக்கே தெரியும். வடக்கே அமலிநகரில் மீனவர்கள் பல ஆண்டுகள் போராடிக் கேட்டது தூண்டில் வளைவு: கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டுகிற கை. கரையோரமாக நகர்ந்துபோகும் மணலை அது ஒரு பக்கம் தடுத்துச் சேர்க்கும். சேர்ந்த மணல் மறுபக்கத்துக்குப் போகாததால் அங்கே கடல் பசியோடு கரையைத் தின்னத் தொடங்கும். அமலிநகருக்கும் படகு நிறுத்தக் கரை வேண்டும், கோயிலுக்கும் மணல் வேண்டும். ஒரு இடத்துக்கு மட்டும் தனியாகப் போட்ட திட்டம் இந்தக் கரையில் செல்லாது.

இதற்கு நடுவில்தான் பௌர்ணமிக் கூட்டம்! கடந்த சில ஆண்டுகளாகப் பௌர்ணமி இரவில் கடற்கரையில் தங்கினால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை பரவி, மாதம் தவறாமல் ஒரு குட்டி சஷ்டியே நடக்கிறது. இவர்களுக்குக் கொட்டகை வேண்டாம், அறை வேண்டாம். நிலா தெரிகிற மாதிரி ஒரு பாய் மணல் போதும். அதுதானே விலைக்கு வாங்க முடியாதது? கடலோர ஒழுங்குமுறை விதிகளும் அலை தொடும் பகுதியில் நிரந்தரக் கட்டடத்துக்கு இடம் தருவதில்லை. அந்த விதியை முட்டுக்கட்டையாக நினைப்பவர்கள் உண்டு. நான் அதற்குத் தேங்காய் உடைப்பேன். காலி மணலைப் பார்த்தால் ‘இங்கே என்ன கட்டலாம்’ என்று கை துறுதுறுக்கும் ஆட்களிடமிருந்து இந்தக் கரையைக் காப்பது அதுதான்.

ஆறாம் நாளுக்கு வருவோம். காலையிலிருந்தே கடற்கரையில் பொக்லைன் மேடு பள்ளத்தை நிரவியிருக்கும். கம்புத் தடுப்புகள் கட்டி முடிந்திருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் சாலைகளில் தனித்தனித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள். போலீஸ்காரர் ஒருவர் குனிந்து ஒரு வாண்டின் கையில் அப்பா போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்ட, அந்த வாண்டு அதைப் பல்லால் கடித்துக் கழற்றப் பார்க்கும். யானைமுகன், சிங்கமுகன், சூரன் என்று முகம் மாறி மாறி வர, முருகனாகிய ஜெயந்திநாதர் வேல் வீச, கரை முழுக்க “அரோகரா!” கடல் சத்தம் காதில் விழாத நேரம் திருச்செந்தூரில் இது ஒன்றுதான்.

பெரும்பாலோர் அத்தோடு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். நிற்பவர்களுக்குத்தான் அடுத்த காட்சி. போர் முடித்த சுவாமிக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயாபிஷேகம். களைத்து வந்தவரை நனைக்காமலே குளிப்பாட்டுகிற இந்த நளினத்தை யோசித்தவர் யாரோ, அவர் கையில் பெருந்திட்டத்தைக் கொடுத்திருக்கலாம்.

பெருந்திட்டம் என்றதும், பெண்கள் உடை மாற்றும் அறைகள் பற்றி மட்டும் கோபமாகவே கேட்கிறேன். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, ஈரப் புடவையோடு கூட்டத்துக்குள் நடந்துபோய் அறை தேட வேண்டியிருக்கக் கூடாது. கடலுக்கும் கிணற்றுக்கும் இடையில், நடக்கிற வழியிலேயே, தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறைகள் நிறைய வேண்டும். உள்ளே துணி மாட்ட ஒரு ஆணி. வெளியே வயதானவர்கள் உட்கார ஒரு திண்டு. 300 கோடியில் ஆணிக்கு எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

ஏழாம் நாள் இரவு திருக்கல்யாணம். அது முடிந்த சூட்டோடு ஊருக்குப் போகிறவர்கள் பாயைச் சுருட்ட, பந்தல்காரர்கள் தகரத்தில் கை வைத்துவிடுவார்கள். கழற்றிய போல்ட்டுகள் சாக்கில் விழுகிற ஓசைக்கு நடுவே, மூட்டையோடு கிளம்பிய ஒரு ஆச்சி திரும்பி வந்து நிற்கிறாள். “எய்யா, அடுத்த வருசம் கொழாய எங்க கொட்டகைய ஒட்டி வைக்காதீக. விடிய விடிய வாளிச் சத்தம், கண்ணு பொட்டுத் தூக்கமில்ல.” பந்தல்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி கொட்டகையிலிருந்து குழாயடி வரை காலடி வைத்து அளக்கிறார். “சரி ஆச்சி, இருவதடி தள்ளிப் போட்டுருதேன்.” ஆச்சி யோசிக்கிறாள். “ரொம்பவும் தள்ளிராதய்யா. ராத்திரி நான் எந்திச்சுப் போகணும்லா?”