சண்டையின் ருசி

திரையும் நாமும் – 9

2019 ஜூலைக் கடைசியில் ஒரு நாள், நல்ல உடல்நலத்தோடு இருந்த நடிகர் விஜய்க்கு ட்விட்டரில் இரங்கல் ஹேஷ்டேக் ஓடியது. போட்டி முகாம் கிளப்பியதை அடக்க, விஜய் ரசிகர்கள் 'நீடூழி வாழ்க' என்று எதிர் ஹேஷ்டேக் போட்டு அதையும் ட்ரெண்டிங்கில் ஏற்றினார்கள். சென்னை தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த வருடம் அது. மழை இல்லை, வறட்சி, நம் மாநிலத்து இளைஞர்களோ இதை ட்ரெண்ட் செய்கிறார்களே என்று கிரிக்கெட் வீரர் அஸ்வின் நொந்துபோய் எழுதினார்.

அந்த நொந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் 'வேலைவெட்டி இல்லாத பசங்க' என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பேராசிரியரும் ஓய்வுபெற்ற தாசில்தாரும் இதே வேலையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, சொந்தபந்தம் முறிகிறது, ஆனாலும் விடுவதில்லை. சண்டையில் ஓர் இன்பம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

2004இல் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பணவிளையாட்டு நடத்தினார்கள். ஒருவர் நம்பிக் கொடுக்கும் பணம் நான்கு மடங்காகி இன்னொருவர் கைக்குப் போகும். அவர் பாதியைத் திருப்பித் தரலாம், மொத்தத்தையும் அமுக்கிக்கொள்ளவும் செய்யலாம். அமுக்கினால், ஏமாந்தவர் தன் கைக்காசைச் செலவழித்து அவருக்கு அபராதம் போடலாம். அப்படிப் போடுவதால் சல்லிக்காசு திரும்பி வராது. தெரிந்தே போட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால், பரிசு கிடைக்கும்போது தூண்டப்படும் பகுதி தூண்டப்பட்டிருந்தது. யாருக்கு அது அதிகமோ, அவர் தண்டிக்க அதிகம் செலவழித்தார்.

தப்பு செய்தவனைத் தண்டிப்பது நமக்கு இனிக்கிறது. இந்தக் குணம் இல்லாவிட்டால் எந்த ஊரிலும் நாணயம் நிலைத்திருக்காது. ஆனால் நேரில் தட்டிக்கேட்கப் போனால் அவன் சட்டையைப் பிடிப்பான், நாளைக்கு அதே டீக்கடையில் அவன் முகத்தில் விழிக்கவும் வேண்டும். இணையத்தில் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது என்று 2017இல் எழுதினார் உளவியலாளர் மோலி க்ராக்கெட். இன்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தத் தண்டனை யாருக்காக நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். வழக்கமான ஒரு பதிலடியைக் கவனியுங்கள். எதிராளியின் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார்கள். அவர் பெயரைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போடுவார்கள். மேலே, 'இந்த அறிவாளி சொல்றதப் பாருங்க மக்களே.' கீழே ஒரு வடிவேலு மீம். இதில் எதிராளியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'பாருங்க' என்பது முழுக்கத் தன் ஆட்களுக்கு. தன் பக்கத்துக் கைதட்டலுக்காக அங்கே ஒரு மனிதர் அடிவாங்குகிறார்.

கைதட்டல் பழக்கமாகவும் ஆகிறது. க்ராக்கெட் உள்ளிட்ட யேல் பல்கலைக்கழகக் குழு, 7,331 பேர் போட்ட 1 கோடியே 27 லட்சம் ட்வீட்களை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. கோபப் பதிவுக்கு லைக்கும் ரீட்வீட்டும் கிடைத்தவர்கள், பிற்பாடு இன்னும் கூடுதலாகக் கோபத்தைக் கொட்டினார்கள். தீவிரக் கருத்துள்ள வட்டங்களில் இருந்தவர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். லைக்கைப் பார்த்து அதிகம் மாறியவர்கள் மிதமான வட்டங்களில் இருந்தவர்களே. எனக்குக் கவலை தருவது இந்த முடிவுதான். நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களை அல்லவா இது இழுத்துக்கொண்டு போகிறது!

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2017இல் ஃபேஸ்புக், இதயம், சிரிப்பு, கோபம் என்று எந்த எமோஜி விழுந்தாலும் அதை ஐந்து லைக்குக்குச் சமமாகக் கணக்கிட்டது. ஆத்திரமூட்டும் பதிவு அதிகம் பேர் கண்ணில் பட்டது. பிறகு கோப எமோஜியின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் பூஜ்யமாக்கினார்கள். அதன்பின் பொய்த் தகவலும் கோரக் காட்சிகளும் குறைந்தன, பயனாளர்கள் புழங்கும் அளவோ குறையவே இல்லை என்று 2021இல் அம்பலமான உள் ஆவணங்கள் சொல்கின்றன. கோபத்தைத் தூக்கிக் காட்டாமலே அந்த வியாபாரம் நடந்திருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாருக்காவது பதிலடி எழுதினால், அதைப் பொதுவில் போடும் முன், அவருக்கு மட்டும் தனிச்செய்தியாக அனுப்ப மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் அழித்துவிடுங்கள்.

(தொடரும்)