மரமும் வாழ வேண்டும், மனிதரும் வாழ வேண்டும்

‘நீடித்த வளர்ச்சி’ என்னும் சொல் இன்று பல்கலைக்கழகங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. அது பெரிய படிப்பாளிகளுக்கு மட்டும் உரிய சொல் என்று எண்ணிவிட வேண்டாம். ரப்பர் மரம் சீவியவர்கள் அதன் பொருளை நன்கறிவார்கள்.

பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வடியும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். சில ஆண்டுகள் கழித்து அதையும் சீவலாம். பேராசைப்பட்டு ஆழமாக வெட்டினாலோ மரம் காயப்படும். பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பிறகு அங்கே கத்தி ஓடாது. இளமரங்களுக்கிடையே கொடிப்பயிரைப் படரவிடுவதும் நாளையை நினைத்தே. அது மண் அரிப்பைத் தடுக்கிறது. மண்ணுக்கு உரமும் சேர்க்கிறது.

1987-ல், அப்போது நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த உலக ஆணையம் இதையே சொன்னது: நம் தேவையை நாம் நிறைவு செய்துகொள்ளலாம், ஆனால் வருங்காலத் தலைமுறைக்கு அந்த வழியை அடைத்துவிடக் கூடாது.

இதைப் பல்கலைக்கழகத்தில் ஏன் கற்பிக்க வேண்டும்? ஆலை கட்டும் பொறியாளரும், கணக்கரும், நிர்வாகியும் அங்கிருந்துதான் வருகிறார்கள். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. காற்றில் விட்டால் அது பூமியின் வெப்பத்தைக் கூட்டும். பிடித்து எரித்தால் மின்சாரம் தரும். எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர்கள் படித்தவர்களே. ஆகவே தனிப்பாடமாக வைத்தால் மட்டும் போதாது. பொறியியல், கணக்கியல், மருத்துவம் ஆகிய எல்லாவற்றிலும் இதைக் கலந்து கற்பிக்க வேண்டும்.

நம் கெடாவுக்கு அண்டையில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இவ்வழியில் முன்நின்றது. 2005-ல் ஐ.நா. பல்கலைக்கழகம் இக்கல்விக்காக முதன்முதலில் ஏற்ற ஏழு வட்டார மையங்களில் பினாங்கும் ஒன்று. 2008-ல் அரசு அப்பல்கலைக்கழகத்துக்கு ‘ஏபெக்ஸ்’ தகுதி அளித்தது. நீடித்த எதிர்காலத்துக்கேற்ப உயர்கல்வியை மாற்றுவதே அதன் திட்டம். அக்காலத்தை ஒட்டி மாணவர்கள், உணவு கட்டித்தரும் பொலிஸ்டிரின் பெட்டிக்கு ‘வெள்ளைச் சவப்பெட்டி’ என்று பெயரிட்டு, அதை வளாகத்திலிருந்து அகற்றப் பாடுபட்டார்கள். பாடம் சிற்றுண்டிச் சாலைக்கே வந்துவிட்டது!

மரம், மண், நீர் ஆகியவற்றோடு இக்கல்வி முடிந்துவிடுவதில்லை. மனிதரும் அதில் அடக்கம். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானால் ஏட்டில் இலாபம் தெரியும். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த குடும்பம் எங்கே குடியேறும், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பதையும் அதே ஏட்டில் எழுதக் கற்றவரே உண்மையில் படித்தவர்.

பெற்றோர்களே, பினாங்கிலோ சிந்தோக்கிலோ படிக்கும் உங்கள் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, “இதைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?” என்று கேளுங்கள். மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுத்த உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். நாளை ஒரு தோட்டத்தின் தலைவிதியை முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் அமரக்கூடும். அப்போது அந்தச் சொல் அவர்களுக்குத் துணை நிற்கும்.