பெங்களூரில் வேனிற் பூப்பாத்தி

விதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைக் கண்டு மயங்காதார் இலர். பெட்யூனியாவும் சால்வியாவும் ஒரே பாத்தியில் ஒருங்கே பூத்துக் குலுங்கும். பக்கத்தில், கோடைக்கு உரியது என்ற குறிப்பும் காணப்படும். அதனை நம்பிப் பங்குனி மாதத்தில் நாற்று நடுகிறவர், சித்திரை முடிவதற்குள் காய்ந்த குச்சிகளை எண்ணிக்கொண்டு நிற்பார். பிழை விதையினுடையது அன்று. அக்குறிப்பிலுள்ள கோடை இங்கிலாந்தின் கோடை. உறைபனி நீங்கி, மே மாத இறுதியில்தான் அங்கே நாற்றைப் பாத்திக்குக் கொண்டு வருவார்கள். லண்டன் மாநகரின் ஜூலை மாதப் பகல் வெப்பம், பெரும்பாலான நாட்களில், பெங்களூரின் மார்கழிப் பகலைக்கூட எட்டுவதில்லை. ஆதலால் அச்செடிகளுக்கு இங்கு ஏற்ற பருவம் குளிர்காலமே. ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் தை மாதத்தில் பூக்கும். குடியரசு நாளையொட்டி லால்பாகில் நடைபெறும் மலர்க்காட்சியில் அவை முகமலர்ந்து நிற்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள்.

லால்பாக் 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். 1889-இல் அங்குக் கண்ணாடி மாளிகை எழுந்தது. ஜெர்மனியில் பிறந்த கிரும்பீகல் என்பார் 1908-இல் மைசூர் அரசின் பணிக்கு வந்து, அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்தி அமைத்துக் கைபழகியவர் அவர். ஆயினும் லண்டனை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க அவர் முயலவில்லை. ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்து நட்டார் என்று அவரைப் போற்றுவர். ஊரின் வெயிலையும் மழையையும் முதலில் கணக்கிட்டு, அதன் பின்னரே செடியைத் தேடுவது என்ற அம்முறை, நான்கு முழப் பாத்திக்கும் பொருந்தும்.

வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்க்கு ஒரு பருவச் செடிகளே ஏற்றவை. மாமரம் வைத்தால் கனி அடுத்துக் குடிவருவோருக்குப் போகும். பருவப் பூஞ்செடியோ மூன்று நான்கு மாதத்தில் தன் வாழ்வை முடித்து, விதையை நம் கையில் கொடுத்துவிடும். வீடு மாறினால் அதனைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லலாம்.

பெங்களூரின் வெயிலைத் தாங்கும் செடிகள் எவை? ஜின்னியா, வாடாமல்லி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி. இவற்றுள் ஜின்னியாவும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. நம் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு நம்மிடையே உலவுவதால் அயலவை என்று தோன்றுவதில்லை. நாற்றுப் பண்ணையில் கேட்கும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிலர் செண்டுமல்லியையும் சாமந்தி என்றே சொல்வர். இங்கே அதற்குச் செண்டு ஹூவு என்று பெயர். சேவந்திகெ என்றால் வேறு பூ.

இனிப் பாத்தி. முதல் ஆண்டில் எல்லாரும் செய்யும் தவறு, வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி வாங்கி நடுவது. அது பாத்தியாகாது, சந்தைக் கடையாகும். மூன்று வகை போதும். மண்ணைத் தொடுமுன் காகிதத்தில் கோடிட்டுப் பாருங்கள். மதிலோரமாக எட்டடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக அது இருக்கவேண்டும். அகலம் இதற்கு மேல் வேண்டா. உள்ளே காலை வைத்து மிதிக்காமல் கை எட்டிக் களை பறிக்கவேண்டும் அல்லவா?

மதிலிலிருந்து அரையடி தள்ளிப் பின்வரிசை: அடிக்கு ஒன்றாக எட்டு ஜின்னியா. அதற்கு ஓரடி முன்னே, பின்வரிசைச் செடிகளின் இடைவெளிகளுக்கு நேராக ஏழு வாடாமல்லி. அதற்கு முக்காலடி முன்னே, அரையடிக்கு ஒன்றாகப் பதினாறு பத்துமணிப்பூ. ஆக முப்பத்தொரு செடி. நட்ட அன்று பாத்தி வெறிச்சென்றுதான் இருக்கும். அதைப் பொறாமல் இடையிடையே மேலும் நட்டால், பின்னர்க் காற்றோட்டமின்றி ஜின்னியாவின் இலையில் சாம்பல் படிந்தாற்போன்ற நோய் பற்றும். இரண்டு நிறங்களுக்கு மேல் கலவாமலிருப்பது கண்ணுக்கு இதம் என்பது என் கருத்து. செந்நிறமும் ஊதாவும் கலந்தால் போதும்.

பெங்களூரின் செம்மண் நீரை விரைவில் உள்வாங்கும், விரைவில் காயும். ஓரடி ஆழம் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரத்தை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கலக்கவேண்டும். மக்காத சாணம் கறையானுக்கு விருந்து. தை மாதத்திலேயே வாடாமல்லியை விதைத்துவிடுங்கள். அது பூக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஜின்னியாவை மாசித் தொடக்கத்தில் பாத்தியிலேயே ஊன்றலாம். இரு மாதத்தில் பூக்கும். பத்துமணிப்பூவுக்கு விதையும் வேண்டா. அண்டை வீட்டாரிடம் ஒரு கொத்துத் தண்டு கேட்டு வாங்கி, விரல்நீளத் துண்டுகளாகக் கிள்ளி ஊன்றினாலே வேர்விடும். சித்திரையில் இடியுடன் வரும் மழை உயர்ந்த செடிகளைச் சாய்த்துவிடும். எனவே ஜின்னியாவில் இரண்டடிக்கு மேற்படாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி தண்ணீர். காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, உயர்ந்த மேட்டின் மேல் ஏற்றப்பட்டு இந்நகருக்கு வருகிறது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக்கூடாதென்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதமென்றும் அறிவித்தது. குழாயை நம்பிப் பாத்தி போட்டவர்கள் அவ்வாண்டு கைகட்டி நின்றார்கள். ஆகவே பாத்தியின் அளவை இடத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், அடுக்களையில் மிஞ்சும் நீரைக் கொண்டு தீர்மானியுங்கள். மேற்சொன்ன பாத்திக்கு, வேரூன்றிய பின், இருநாளைக்கு ஒருமுறை இரண்டு வாளி நீர் போதும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் சேர்த்தால் பல வீடுகளில் அது கிடைக்கும். கிடைக்காவிடில் பாத்தியைப் பாதியாக்குங்கள். சோப்பு நீரை ஊற்றாதீர்கள். காலையில், இலை நனையாமல், வேரில் வார்க்கவேண்டும். காய்ந்த இலைகளை இரண்டங்குலம் பரப்பினால் ஈரம் காக்கும்.

இந்நகரின் பழைய தோட்டக்காரர்களான திகளர்களின் பேச்சில் தமிழின் சாயல் உண்டு. சைத்திர மாதப் பௌர்ணமியையொட்டி அவர்கள் நடத்தும் கரகத் திருவிழாவில், மல்லிகையால் போர்த்த கரகம் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும். நீங்கள் தை மாதத்தில் விதைத்த வாடாமல்லியும் ஏறக்குறைய அந்நாட்களில்தான் முதல் பூ விடும். வாடிய ஜின்னியாவை உடனுக்குடன் கிள்ளி வாருங்கள்; ஆனி வரையில் பூக்கும். நல்ல பூக்களாகப் பார்த்து இரண்டை மட்டும் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். பின்னர்ப் பாத்தியைக் கொத்தி, மழைக்காலத்துக்கு நம் நாட்டுக் காசித்தும்பையைத் தூவலாம்.