இமயத்தின் பனிச்சரிவுகள்: அபாயமும் முன்னெச்சரிக்கையும்

இமயமலைப் பகுதிகளில் குளிர்கால மலையேற்றமும் பனிச்சறுக்கும் வருவாய் ஈட்டும் தொழில்களாக வளர்ந்து வருகின்றன. வயல்கள் பனிமூடிக் கிடக்கும் மாதங்களில் வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்குவோருக்கும் விடுதி நடத்துவோருக்கும் இவை பிழைப்பளிக்கின்றன. ஆனால், பாதையற்ற பனிவெளிகளுக்குள் செல்வோர் தொகை பெருகப் பெருக, பனிச்சரிவில் சிக்கும் அபாயமும் பெருகுகின்றது.

இந்த அபாயம் புதியதன்று. 1979 மார்ச்சில் லாஹௌல் பள்ளத்தாக்கிலும், 2005 பிப்ரவரியில் காஷ்மீரின் வால்டெங்கு நார் கிராமத்திலும் பனிச்சரிவுகள் பேரழிவு விளைவித்தன. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 10 படைவீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களுள் இருந்தனர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சிக் குழுவினர் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 பிப்ரவரியில் குல்மார்க் அருகே போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர் இருவர் பலியாயினர்.

பனி சரிவது எவ்வாறு?

மலைமீது பனி ஒரே திரளாகப் படிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகின்றது. உறுதியான மேலடுக்கு ஒன்று வலுவற்ற கீழடுக்கின் மேல் அமையும்போதுதான் பெருங்கேடு விளைகின்றது. வலுவற்ற அடுக்கு முறிந்தவுடன், மேலடுக்கு பலகைபோல் ஒருசேரப் பெயர்ந்து பாய்கின்றது. உலர்ந்த பனிச்சரிவு மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் வேகம் பெறக்கூடும்.

வலுவற்ற அடுக்கு உருவாவதற்குக் குளிரே ஒரு காரணமாகும். தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் உறைந்திருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு நீடிப்பின், நீராவி மேல்நோக்கிச் சென்று பனித்துகள்களைச் சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாற்றிவிடுகின்றது. பனி ஆழமின்றியும் குளிர் மிகுந்தும் உள்ள இடங்களில் இம்மாற்றம் எளிதில் நிகழும்.

காற்றின் பங்கும் பெரிது. அது ஒரு பக்கத்துப் பனியை வாரி, மலைமுகட்டின் மறைவுப் பக்கத்தில் குவிக்கின்றது. எனவே, புதிதாகப் பனி பொழியாத நாளிலும் அபாயம் உயரக்கூடும்.

இடத்திற்கேற்ற அபாயம்

பீர் பஞ்சால் தொடரில் மேற்கத்திய இடையூறுகள் கொணரும் பனி மிகுதி. வெப்பமும் ஒப்பளவில் அதிகம். அங்குப் பெரும்பொழிவின் போதும் அதனையடுத்த நாட்களிலும் சரிவுகள் மிகுகின்றன. காரகோரம் பகுதியிலோ குளிர் கடுமையானது. வலுவற்ற அடுக்குகள் நெடுநாள் நிலைத்திருக்கும். ஆகவே, ஓரிடத்தில் பெற்ற அனுபவத்தை மற்றோரிடத்திற்கு அப்படியே பொருத்துதல் தவறாகும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில் தோன்றுகின்றன. ஆனால், சமவெளியில் நிற்பவரும் மேலேயுள்ள செங்குத்தான சரிவிலிருந்து வரும் பனியில் அகப்படலாம். அண்மையில் சரிந்த பனியின் தடம், காலடியில் எழும் ‘உம்’ என்ற அமுங்கல் ஒலி, பனியில் ஓடும் விரிசல், பெரும் பனிப்பொழிவு, திடீர் வெப்பம் ஆகியவை அபாய அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்று தென்படினும் சாய்வு குறைந்த வழிக்குத் திரும்புவதே அறிவுடைமை. அபாயமான சரிவை ஒவ்வொருவராகவே கடத்தல் வேண்டும். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண்காணித்தல் வேண்டும். முன்சென்றவரின் தடம் இருப்பது மட்டும் பாதுகாப்பிற்குச் சான்றாகாது.

பனியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளிக்கொணர்ந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன் பின்னர் மூச்சுத் திணறலால் அவ்வாய்ப்பு விரைந்து குன்றுகின்றது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்துசேர இந்நேரம் போதாது. எனவே, உடன்செல்வோரே மீட்புக் குழுவினராவர். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இடங்காட்டிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் இன்றியமையாதது.

அமைப்புகளும் தேவைகளும்

1969-இல் மணாலியில் தொடங்கப்பெற்ற பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், படையினருக்கும் மக்களுக்கும் முன்னறிவிப்புகள் வழங்கி வந்தது. 2020-இல் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பெற்று, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் நிலச்சரிவு, பனிச்சரிவு குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

முன்னறிவிப்பு ஒரு பரந்த பகுதிக்குரியது. குறிப்பிட்ட ஒரு சரிவின் நிலையை அது கூற இயலாது. அவ்விடைவெளியை நிரப்பக் கூடியவர் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியே. ஆனால், பயணம் கைவிடப்பட்டால் கூலியும் கைவிட்டுப் போகுமெனில், அவர் ‘திரும்புவோம்’ என்று சொல்லத் தயங்குவார். ஆகவே, பயிற்சிச் சான்றிதழ், கருவிகள், காப்பீடு ஆகியவற்றுடன், திரும்பிய நாளுக்கும் ஊதியம் என்னும் ஏற்பாடும் வேண்டும். மலைச் சுற்றுலாவின் வருவாயைக் கணக்கிடுவோர், அதனைப் பாதுகாப்பானதாக்கும் இச்செலவையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். அப்பொழுதுதான் அந்த வருவாய் மலைமக்களுக்கு நிலைத்த பயன் தரும்.