பீங்கான் நகரின் கேளா ஒலிகள்

சூளையிலிருந்து இறக்கிய மின்காப்புப் பீங்கானைத் தொழிலாளர் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென ஒலித்தால் தேறியது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் கொண்ட விருத்தாசலத்தில், கண் காணாததைச் செவியால் அறிவது அன்றாடக் கலை. ஆயினும் அந்தச் செவிக்கும் எட்டாத அலைகள் அவ்வூர்த் தெருக்களில் உலவுகின்றன.

மனிதர் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே குற்றொலி, மேலே மீயொலி. பத்து ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 35 மீட்டர். ஓட்டு வீடும் மதிற்சுவரும் அதற்கு ஒரு பொருட்டல்ல, வளைந்து கடந்துவிடும். 40,000 ஹெர்ட்ஸ் அலையோ ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு. காற்றே அதை விரைவில் விழுங்கிவிடும். பூச்சி தேடும் வௌவால் எழுப்பும் மீயொலி தெருமுனை தாண்டாது. ஆகவே ஒரே தெருவுக்கு இரு வரைபடங்கள் வேண்டும்: ஒன்று அகன்ற வளையங்களாலானது, மற்றது சிதறிய புள்ளிகளாலானது.

நம் நாட்டில் ஒலியை அளக்கும் முறை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் 70 நிலையங்களாக வளர்ந்தது. நற்பணிதான். ஆனால் அந்த அளவுகோல் செவியின் கூர்மைக்கேற்பத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே கணக்கிடும்: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 டெசிபல், 10 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 70 டெசிபல் கழித்துவிடும். எண்பது டெசிபல் வலிமையுள்ள 20 ஹெர்ட்ஸ் முழக்கம் ஏட்டில் வெறும் முப்பதாகச் சுருங்கி, நள்ளிரவிலும் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும். செவிக்கேட்டை மதிப்பிட இம்முறை தகும். சன்னற்கதவு ஏன் நடுங்குகிறது என்று கேட்பவருக்கு இது விடை தராது.

சேலத்துக்கும் கடலூருக்கும் இருப்புப்பாதைகள் பிரியும் சந்திப்பு விருத்தாசலம். இரவில் நிலம் குளிர்ந்து மேலுள்ள காற்று வெப்பமாக இருந்தால், மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்கும். தொலைவில் செல்லும் சரக்கு வண்டி பகலில் கேளாது, இரவில் அருகில் கேட்பதன் காரணம் அதுவே. பகலில் மட்டும் வரைந்த ஒலிப்படம் பாதிப் படம்தான்.

மீயொலியைப் பிடிக்கும் கருவியோ பீங்கான் உறவினன். சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கியூரி உடன்பிறப்புகள் 1880இல் கண்டனர். 1940களில் பேரியம் டைட்டனேட்டும், பின்னர் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பீங்கானும் அந்த ஆற்றலை மலிவாக்கின. பொடி அரைத்தல், வில்லையாக அழுத்தல், ஆயிரத்து இருநூறு பாகைக்கு மேல் சுடுதல் என எல்லாம் பழகிய வேலைகளே. வேறுபாடு இரண்டு. ஈயம் ஆவியாகித் தப்பாதபடி மூடிய கலத்தில் சுடவேண்டும். சுட்டபின் வலிய மின்புலத்தில் வைத்து உள் மின்முனைவுகளை ஒரே திசைக்குத் திருப்பவேண்டும். அதற்கு முன் அது வெறும் வில்லை.

குற்றொலிக்கு நுண்ணழுத்தமானி தகும். 2022 சனவரி 15 அன்று தொங்கா எரிமலை எழுப்பிய அழுத்த அலை பல மணி நேரம் கழித்துச் சென்னையை அடைந்தபோது, அழுத்தமானிகள் அதைப் பதிந்தன. மூன்று கருவிகளை 35 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், அலை ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டும் நேர வேறுபாடு பத்தில் ஒரு நொடிக்குள் அடங்கும். அதைக்கொண்டே அது வந்த திசையைக் கணிக்கலாம். பெரும்பகை காற்றுதான், அதன் சலசலப்பை அடக்கத் துளையிட்ட குழாய்கள் வேண்டும்.

தொடர்வண்டி நிலையத்தருகே ஒன்று, தொழிற்பேட்டையில் ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் ஒன்று என மூன்று கருவித் தொகுதிகள் போதும், பயிலக மாணவர் அந்த இரு வரைபடங்களையும் வரையத் தொடங்கிவிடலாம். எண்களைச் செவிக்கேற்ப வெட்டாமல் அதிர்வெண்வாரியாகப் பதிவது மட்டும் கட்டாயம். வெட்டியெறிந்ததைப் பிறகு எந்தக் கணக்காலும் மீட்க இயலாது.